குளம் நிறையச் சினை, ஒரு குஞ்சும் இல்லை

சந்திரா,

நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் வராது. ஆகையால் நலம் விசாரித்துத் தாளை வீணாக்காமல் நேராகவே சொல்லிவிடுகிறேன். குளத்துக்கு மேலே இருக்கும் மேட்டுத் தட்டை நீ கோழிக் கொட்டகை போடத் தரமாட்டேன். உன் கல்யாணத்துக்கு முன்பு கேட்டாலும் தரமாட்டேன், பின்பு கேட்டாலும் தரமாட்டேன், பெண்ணையும் கூட்டிவந்து காலில் விழுந்தாலும் தரமாட்டேன். இதை என் கையாலேயே எழுதுகிறேன். கோயில் கூடத்தில் மாலை வகுப்பு நடத்தும் வாத்தியார் என்னை ஒரு வழியாக எழுத வைத்துவிட்டார். இதுவரை என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணி எழுதினார். நல்ல மனிதர்தான். “அவன் உருப்படமாட்டான்னு எழுதுங்கய்யா” என்பேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீ வளமுடன் வாழ ஆண்டவனை வேண்டுகிறேன் என்று எழுதி அதையே எனக்குப் படித்தும் காட்டுவார். “நா சொன்னது இது இல்லீங்களே” என்றால், “கடுதாசின்னா இப்படித்தான்யா இருக்கும்” என்று உறையை ஒட்டிவிடுவார். இப்போது நடுவில் ஆள் இல்லை. வாயால் திட்டினால் நொடியில் முடிந்துவிடுகிறது. ஒவ்வோர் எழுத்தாக வைத்துத் திட்டும்போது அது நாள் முழுக்க நீடிக்கிறது. இவ்வளவு சந்தோஷமான வேலை உலகத்தில் இருப்பது தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே படித்திருப்பேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். சும்மா கிடக்கிற இடம்தானே என்று எழுதியிருக்கிறாய். கல்யாணம் ஆனதும் ஈப்போவை விட்டு மலைக்கு மேலே வந்து சொந்தமாகக் கோழி வளர்க்கப் போகிறேன், கோழி மாத்திரை வியாபாரத்தில் பழக்கம் இருப்பதால் மாத்திரை மலிவாகவே கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரியில், ஓடை பக்கத்திலேயே ஓடுவதால் கொட்டகை கழுவ வசதி என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா? உனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த மலையில் யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டதாக நடிக்கிறாய். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும் இதைக் கொடு. யாரோடு குடித்தனம் நடத்தப் போகிறோம் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தளத்தில் வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் அந்தக் குளத்தை வெட்டினேன். நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால், கோலா தெர்லா பக்கம் இறங்கும் சரிவில், ஓடையோரமாக நமக்கு அனுமதி கிடைத்த துண்டு நிலம் அது. ஓடையிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் உள்ளே வரும், மறுபக்கம் வழிந்து மறுபடி ஓடைக்கே போகும். கெண்டை விட்டேன். இந்தக் குளிரில் கெண்டை மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளர்ந்த மீன் கெட்டியாக இருக்கும். முட்டையிடும் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்து எடுப்பேன். ஆணின் வயிற்றை லேசாகத் தடவினால் பால் போல வெள்ளையாகக் கசியும். பெண்ணின் வயிறு பஞ்சு மூட்டை மாதிரி மெத்தென்று இருக்கும். இரண்டையும் ஒரு மூலையில் தடுத்துவிட்டு, முட்டை ஒட்டிக்கொள்ளப் புல்லைக் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால் போதும். சில நாளில் ஓரமெல்லாம் கண் மட்டும் தெரியும் குஞ்சுகளாக நெளியும். ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் கையில் சட்டியோடு வந்து நிற்பார்கள். நீயும் அந்த மீனைத் தின்றுதான் இப்படி வளர்ந்தாய்.

பிறகு எழுபதுகளின் நடுவில், நமக்கு மேலே ஓடை திரும்பும் இடத்தில் அந்தக் கோழிப்பண்ணை வந்தது. நீ அங்கே வேலைக்குச் சேர்ந்தாய். தேயிலை வேலை உனக்குக் கேவலமாக இருந்தது. சேவல் குஞ்சுகளின் கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசிக் குழாயால் மாத்திரை வைக்கும் வேலை உனக்கு. பெரிய டாக்டர் மாதிரி வீட்டில் வந்து கையை ஆட்டிக் காட்டுவாய். மாத்திரை வைத்த சேவல் சண்டை போடாது, பெட்டையைத் தேடாது, தின்றுவிட்டுப் படுத்து எருமை மாதிரிக் கொழுக்கும் என்றாய். அத்தனை சேவல் இருந்தும் அந்தப் பண்ணையிலிருந்து விடியற்காலையில் ஒரு கூவல் கேட்டதில்லை. அது ஏன் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

உன் அம்மா முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தாள். நீ பெருமையாகப் பண்ணையிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்தாய். கொண்டை சுருங்கி, வெளுத்து, நாக்குப் பூச்சி மாதிரித் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பூசாரி அதைத் தூக்கினார். அது றெக்கைகூட அடிக்காமல் அவர் கையில் குந்திக்கொண்டது.

“இது சேவலா, இல்ல சேவல் வேசம் போட்ட பெட்டையா?” என்றார் பூசாரி.

“எடையப் பாருங்கலா பூசாரி. ரெண்டு சேவல் எடை இருக்கும்” என்றாய் நீ.

“ஐயாவுக்கு என்னா தராசா வச்சிருக்கோம்? கூவுற சேவலத்தான் வெட்டணும். இதக் கொண்டுபோயி அடை வைங்க, குஞ்சு பொரிச்சாலும் பொரிக்கும்.”

கும்பல் முழுக்கச் சிரித்தது. உன் அம்மா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச காலம் போனது. ஓர் ஆடி மாதம், வழக்கம்போல மீன்களைப் பிரிக்கக் குளத்தில் இறங்கினேன். தடவிய மீனெல்லாம் மெத்தென்று இருந்தது. ஒன்றில்கூடப் பால் கசியவில்லை. கரையில் நின்ற பச்சையம்மாவை உனக்குத் தெரியும், கொழுந்து பறிக்கிறவர்களிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

“அண்ணே, ஒண்ணு விடாம எல்லாம் வாயும் வயிறுமா இருக்குதே! ஆம்பள மீனையெல்லாம் என்னா பண்ணீங்க, பட்டாளத்துல சேத்துட்டீங்களா?” என்றாள்.

“அவனுங்க இல்லாட்டி குடும்பம் நல்லா இருக்கும் பச்சையம்மா, பாக்கல?” என்றாள் உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. அன்று ஓடைக்கு மசக்கை என்று நம் பெண்கள் கலந்த சாதம் கட்டிக்கொண்டுபோய்ப் படைப்பது உனக்கும் தெரியும். அந்த வருஷம் பச்சையம்மா சும்மா இருக்கவில்லை. ஆத்தா ஓடையோடு நிற்காமல் குளத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று லயம் லயமாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் புளிச்சாதமும் தயிர்சாதமுமாக நம் குளத்துக்கு வந்துவிட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் தண்ணீரில் தூவி, கரையிலிருந்த கொய்யாச் செடியின் கிளைகளில் கண்ணாடி வளையலாக மாட்டி, குளத்துக்கே வளைகாப்பு நடத்தினார்கள். பாட்டும் பாடினார்கள். குழந்தை இல்லாத இரண்டு பெண்களுக்கு முதல் மீனின் சினையைப் பொரித்துக் கொடுத்தாள் உன் அம்மா. நான் குளத்துக்குச் சொந்தக்காரன் என்று என் கழுத்திலும் ஒரு மாலை. இவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனத்தை இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் வேறு எப்போதும் செய்ததில்லை. நீ மோட்டோர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பண்ணைச் சட்டையோடு கரையில் நின்று தயிர்சாதம் தின்றாய்.

மீன்கள் முட்டையிட்டன. புல் கட்டெல்லாம் முட்டை. ஆனால் ஒரு குஞ்சும் வரவில்லை. முட்டைகள் வெளுத்து, பூஞ்சை பிடித்து, பழைய பஞ்சு மாதிரிப் புல்லில் தொங்கின. சரி, ஆண் இல்லாததுதான் குறை என்று பிரிஞ்சாங் சந்தையில் மீன் விற்கும் ஆளிடம் சொல்லி, ஆணாகப் பார்த்து இளம் மீன்கள் வாங்கிவந்து விட்டேன். மறு வருஷம் அவையும் வயிறு மெத்தென்று நின்றன. எனக்குப் பெண் மீனை ஆணென்று ஏமாற்றி விற்றுவிட்டான் என்று சந்தைக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. ஓடையில் பிள்ளைகள் கூடையால் அள்ளும் சின்ன மீன்களில் ஆண்களுக்கு வாலில் சிவப்பும் நீலமும் இருக்கும். அந்த நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. எல்லாம் சாம்பல் நிறமாக, ஒரே மாதிரியாக நீந்தின. மழை விட்ட பிறகு கத்தும் தவளைச் சத்தமும் குறைந்தது. பண்ணைக்கு மேலே, காட்டுக்குள் போய்ப் பார்த்தால் அதே ஓடையில் வண்ண வால்கள் இருந்தன. கீழேதான் இல்லை.

ஒரு நாள் இரண்டு கெண்டையை எண்ணெய்த் தகரத்தில் தண்ணீரோடு போட்டு எடுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்குப் பேருந்து ஏறினேன். வளைவுக்கு வளைவு தண்ணீர் சிந்தி, பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் பிறப்பை விசாரித்தார்கள். மீன் வளர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு மலாய் அதிகாரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் பொறுமையானவர். மீனை அறுத்துக் காட்டினார். ஒரு பக்கம் சினை. மறுபக்கம் ஆண் மீனுக்கு இருக்க வேண்டிய வெள்ளைப் பை, சுருங்கி, அதற்குள்ளும் மணி மணியாகச் சினை. பாக்சிக், பெரியவரே, இது ஆணாகப் பிறந்த மீன் என்றார். திலாப்பியாக் குஞ்சுகளுக்குத் தீனியில் ஆண் மருந்தைக் கலந்து எல்லாவற்றையும் ஆணாக்கும் வேலை சில இடங்களில் நடப்பதாகவும், அதைப் போலவே பெண்ணுக்கு உரிய மருந்து தண்ணீரில் சேர்ந்தால் ஆண்கள் இப்படி ஆகலாம் என்றும் மலாயில் விளக்கினார். தண்ணீரைச் சோதிக்கத் தன்னிடம் வசதி இல்லை, அடித்துச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு, உங்கள் குளத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். பூசாரி கையில் குந்தியிருந்த அந்தச் சேவல் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மிச்சமிருந்த இன்னொரு கெண்டையோடு நேராக உன் பண்ணைக்கு வந்தேன். நீ வெட்டும் கொட்டகையில் நின்றாய். கோழித் தலைகளும் கழுத்துகளும் குவியலாகக் கிடந்தன. ஒருத்தன் வாளித் தண்ணீரை அடித்து அவற்றைக் காவாயில் தள்ளிக்கொண்டிருந்தான்.

“இங்க எதுக்குப்பா வந்தீங்க? மொதலாளி பாத்தா ஏசுவாரு.”

“அந்த மாத்திரை என்னா மாத்திரைடா?”

“கோழி கொழுக்கிற மாத்திரை.”

“பொம்பள மருந்தாமே?”

“ஆமாலா. அதனாலதான் சேவலு பேசாம தின்னுட்டுத் தூங்குது. ஏன், ஒங்களுக்கும் வேணுமா?”

“தலையும் கழுத்தும் கழுவுன தண்ணியும் எங்கடா போவுது?”

“ஓடைக்கு. பின்ன எங்க போவும்? ஓடை எதுக்கு இருக்கு?”

நான் மீனை நீட்டிச் சொன்னேன், ஆண் மீனெல்லாம் பெண்ணாகிவிட்டது, குஞ்சே இல்லை, குளம் செத்துக்கொண்டிருக்கிறது என்று. நீ கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்ன வார்த்தை ஒன்றுவிடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

“மீனு ஆம்பளையா இருந்தா என்னா, பொம்பளையா இருந்தா என்னாப்பா? கொழம்புல கொதிச்சா ரெண்டும் ஒண்ணுதான். வளைகாப்பு போட்டது நானா? நீங்கதானே மாலைய மாட்டிக்கிட்டு நின்னீங்க?”

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கெண்டையை வாலைப் பிடித்துத் தூக்கி உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். காத்திரு. அந்த மீனுக்காக வருத்தப்பட்டேன், அது நல்ல மீன். நீ சொன்ன கேலிக்காகக்கூட நான் அறையவில்லை. பெண் மருந்து என்பது உனக்கு முதலிலிருந்தே தெரியும். குளத்தில் ஆண் மீனே இல்லை என்று நான் தினம் சாப்பிடும்போது புலம்பியதும் உன் காதில் விழுந்தது. ஒரு பாவமும் அறியாத மீன்காரன் சட்டையை நான் பிடித்த கதையைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இரண்டையும் சேர்த்து ஒரு வார்த்தை, “அப்பா, அந்தத் தண்ணியா இருக்குமோ” என்று ஒரே ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. தெரியாமல் செய்கிறவனோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆகலாம். உனக்கு நான் என்ன செய்வது?

நீ கோபித்துக்கொண்டு அன்றே மலையிறங்கினாய். பண்ணையும் சில வருஷத்தில் மூடிவிட்டார்கள். நான் கொடுத்த புகாரால் இல்லை, என் புகாரை எவன் கேட்டான்? தீனியை லோரியில் மேலே ஏற்றிக் கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி கீழே போய்விட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு குளத்தை வடித்து, அடிச்சேற்றை வழித்து, கரைக்கு வெளியே காயவைத்தேன். முதுகு போயிற்று. உன் அம்மாவும் பச்சையம்மாவும் கூடை சுமந்தார்கள். தண்ணீர் விட்டு, புது மீன் விட்டு, வருஷா வருஷம் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஓடையில் ஒரு சிவப்பு வால் தென்பட்ட நாளில் வேட்டியோடு தண்ணீரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஆடியில் ஓர் ஆண் மீனைத் தடவினேன். என் விரலில் வெள்ளையாக வழிந்தது. நான் போட்ட சத்தத்தில் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. புல் கட்டில் முட்டை இந்த முறை வெளுக்கவில்லை, கண்ணாடி மாதிரித் தெளிந்து, உள்ளே கறுப்பாக இரண்டு இரண்டு கண். அப்புறம் குளத்தின் ஓரமெல்லாம் குஞ்சு, சந்திரா, ஓரமெல்லாம் குஞ்சு. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் காத்திருக்கிறது, கொட்டகை கழுவ ஓடை வசதி என்று.

நீ பிழைக்கத் தெரிந்தவன் என்று ஈப்போவில் உன்னைப் புகழ்வார்களாம். நான் புகழமாட்டேன். நீ எப்போதும் மேலே நின்று ஊற்றுகிறவனாகவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டாய். கீழே யார் சட்டியோடு நிற்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதில்லை. குடித்தனத்தையும் அப்படியே நடத்துவாய், அதுதான் என் பயம். உன் கோபத்தை, உன் களைப்பை, உன் வியாபாரப் பொய்யைக் கொண்டுவந்து வீட்டில் கொட்டிவிட்டு, “பின்ன எங்க போவும்?” என்று கேட்பாய். அந்தப் பெண் சத்தம் போடாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொள்வாய். அவள் சத்தம் போடட்டும். அவள் சண்டை போடும் நாளில் வீடு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள். அவள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனால் நீ பயப்படு. கல்யாணத்துக்கு நான் சொல்லும் புத்திமதி இவ்வளவுதான், மிச்சத்தை ஐயர் சொல்லுவார்.

“கல்யாணப் பிள்ளைக்கு நாலு நல்ல வார்த்தையும் எழுதுங்களேன்” என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வருவோம். அவள் அழுவாள், நான் முறைப்பேன், நீ படத்துக்கு நில்.

மேட்டுத் தட்டை நினைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பலகை எதுவும் வாங்கிவிடாதே. அது இப்போது மேடு இல்லை. உன் கடிதம் வந்த மறுநாளே லயத்து ஆட்கள் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு வெட்ட ஆரம்பித்தேன். நேற்று முடிந்தது. அங்கே இப்போது இரண்டாவது குளம் இருக்கிறது. கீழே குஞ்சுகளுக்கு இடம் போதவில்லை, பாதியை மேலே மாற்ற வேண்டும். பச்சையம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு முதுகு குனியவில்லை, வாளியைத் தூக்க ஆள் வேண்டும். கல்யாணம் முடிந்து பெண்ணோடு மறுவீடு வரும்போது பழைய சட்டை ஒன்று கொண்டுவா. வந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவு. நான் கிட்ட வந்து பார்ப்பேன். சரி என்று நான் சொன்ன பிறகுதான் நீ தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

உன் அப்பா